ராஜா கற்ற சீமை வார்த்தை

ராஜா தும்மினால் ஊரே மூக்கைத் துடைத்துக்கொண்ட காலம் அது. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு இருந்திருந்தால் நீங்களும் துடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள், பெரிதாகப் பேசவேண்டாம். அந்தக் காலத்தில், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு ராஜ்ஜியம். அதை ஆண்டவர் பூபால மகாராஜா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேட்டை என்றால் மட்டும் கண்மண் தெரியாது. அவர் சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதனாலேயே பிரதானி வரதராயருக்கு அவனைக் கண்டால் வயிற்றெரிச்சல்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு வாசல் நிற்பது என்று பேர். ஒருத்தருக்கு ஒரு தப்புச் செய்துவிட்டால், செய்தவன் யாராயிருந்தாலும் அவர் வீட்டு வாசலுக்குப் போகவேண்டும். செருப்பைக் கழற்றி, மேல்துண்டை இடுப்பில் கட்டி, வெறுங்கையோடு நிற்கவேண்டும். அந்த வீட்டார் பார்ப்பார்கள். மனம் ஆறினால் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடித்துவிட்டால் தீர்ந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது. சில பேர் ஆள் வந்து நின்றதுமே செம்போடு ஓடி வந்துவிடுவார்கள். சில பேர் பொழுது சாயும்வரை காய விடுவார்கள். அது அவரவர் மனசு. பூபால மகாராஜாவின் கொள்ளுத்தாத்தாகூட ஒரு செக்கு வாணியன் வாசலில் நின்றாராம். அதைச் சபையில் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்வதற்கென்ன, நின்றது கொள்ளுத்தாத்தாதானே.

பூபால மகாராஜா யார் வாசலிலும் நின்றதில்லை. நிற்கவேண்டிய நாள் வந்தது. ஒரு காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு போனவர், அது ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்ததும் யானையை அப்படியே உள்ளே விட்டுவிட்டார். பன்றி தப்பிவிட்டது, கொடிக்கால் நாசமாய்ப் போனது. அது மருதாயி என்கிற பெண்பிள்ளையின் கொடிக்கால். புருஷன் இறந்த பிறகு ஒற்றை ஆளாக அகத்தி நட்டு, கொடி ஏற்றி வளர்த்தது. விஷயம் ஊரெல்லாம் தெரியும். ராஜா எப்போது போய் நிற்பார் என்று ஊர் காத்திருந்தது. ராஜாவோ அந்தத் திசைக்கே முகத்தைத் திருப்பவில்லை. ஒரு கொடிக்கால்காரி வாசலில், வெறுங்காலோடு, ஊர் பார்க்க நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் துறைமுகத்துக்கு ஒரு சீமைக் கப்பல் வந்தது. கப்பல் துரை காணிக்கையோடு சபைக்கு வந்தார். குனிந்து வணங்கி ஓர் அடி முன்னால் வைத்தவர், பூட்சுக் காலால் ராஜாவின் கட்டைவிரலை நச்சென்று மிதித்துவிட்டார். காவலர்கள் வாளை உருவினார்கள். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சாரி" என்றார்.

ராஜா வலியையும் மறந்து துபாஷி சின்னையாவைப் பார்த்தார். இரண்டு பாஷையும் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"என்ன சொல்கிறார் துரை?"

"தெரியாமல் மிதித்துவிட்டேன், பொறுத்தருளவேண்டும் என்கிறார், மகாராஜா."

"இத்தனை நீளமான சங்கதி அத்தனை சின்ன வார்த்தைக்குள்ளேயா இருக்கிறது?"

"இன்னமும் இருக்கிறது, மகாராஜா. நாம் சொன்னது காதில் விழாவிட்டாலும் அவர்கள் சாரி என்பார்கள். திருப்பிச் சொல்லுங்கள் என்று அர்த்தம். கூட்டத்தில் ஒருவரைத் தாண்டிப் போகவேண்டுமானால் சாரி. கேட்டதைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் சாரி. எதிராளியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சாரி சொல்லிவிட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. சாவு வீட்டுக்குப் போனாலும் அதே சாரிதான்."

"சாவு வீட்டிலா? செத்தவரை இவரா கொன்றார்?"

"இல்லை, மகாராஜா. அங்கே அதற்கு, எனக்கும் துக்கமாயிருக்கிறது என்று அர்த்தம்."

"உருப்படாதவனைச் சொல்வதற்கும் ஏதாவது சாரி வைத்திருக்கிறார்களா?"

"வைத்திருக்கிறார்கள், மகாராஜா. பார்க்கவே பரிதாபமாகக் கிடக்கிறவனையும் சாரி ஆசாமி என்பார்கள்."

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "கடைசியாக ஒன்று கேட்கிறேன். மிதித்தவர் யார் வாசலிலும் போய் நிற்கவேண்டாமா?"

"வேண்டாம், மகாராஜா. சொன்னால் முடிந்தது."

ராஜாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. எதற்கு மலர்ந்தது என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பிடித்தது பைத்தியம். ராஜா சபைக்குத் தாமதமாக வந்தாலும் சாரி, புலவர் பாட்டுக்கு நடுவில் தூங்கி விழித்தாலும் சாரி. ரசத்தில் கறிவேப்பிலை மாதிரி எதில் பார்த்தாலும் அந்த வார்த்தை மிதந்தது. பழைய தளபதி இறந்துபோனபோது, ராஜா அந்த வீட்டு வாசல்வரை பல்லக்கில் போனார். இறங்கவில்லை. திரைச்சீலையை விலக்கி, அழுதுகொண்டிருந்த அம்மாளைப் பார்த்துச் சாரி என்றார், திரையை விட்டார், திரும்பிவிட்டார். பிரதானி வரதராயர் ராஜாவுக்கு ஒருபடி மேலே போய், ஏப்பம் விட்டுவிட்டுக்கூடச் சாரி சொன்னார். குப்பாண்டிக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாக இருந்தது. ராஜா சொல்லச் சொல்ல அவனும் எடுத்துக் கொடுத்துச் சிரிக்க வைத்தான்.

ஒரு நாள் மருதாயி சபைக்கு வந்தாள். ஈரம் காயாத சேலை, மண் போகாத கை. கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து நின்று பேசினாள்.

"மகாராஜா, கொடி போச்சு. அது போனாப் போவுது, மறுபடி வச்சுக்குவேன். அகத்தி நட்டு, அது ஆள் உசரம் வந்து, கொடி ஏறி, நான் வெத்தலை கிள்ள ரொம்ப நாளாவும். ஆவட்டும். நான் நட்டம் கேட்டு வரலை. என் வாசலுக்கு வாங்க. எல்லாரும் வர்ற மாதிரி வாங்க. அவ்வளவுதான்."

ராஜா பிரதானியைப் பார்த்தார், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாரி" என்றார்.

மருதாயிக்கு விளங்கவில்லை. "மகாராஜா என்ன சொல்றாக?" என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டாள்.

ராஜா தவித்துப் போனார். காது மடல் சிவந்துவிட்டது. சீமை வார்த்தைக்கு அந்த இடத்தில் பலம் போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. இன்னும் ஒரு விநாடி விட்டிருந்தால், வருகிறேன் அம்மா என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர் கண் குப்பாண்டியைத் தேடியது. குப்பாண்டிக்கு ராஜாவின் கண் தன்மேல் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பழக்கம் அப்படி. அவன் மருதாயியை நேரே பார்த்துச் சொன்னான்:

"அம்மா, அது கப்பலில் வந்த சீமை விதை. கொண்டுபோய் உன் கொடிக்காலில் ஊன்றி வை. வெற்றிலையும் துளிர்க்கும், கூடவே பாக்கும் காய்க்கும், சுண்ணாம்பு மட்டும் நீ போட்டுக்கொள்."

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தப்பித்த சிரிப்பு அது. எழுந்துவந்து தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குப்பாண்டிக்குப் போர்த்தினார்.

மருதாயி ராஜாவைப் பார்க்கவில்லை, குப்பாண்டியைத்தான் பார்த்தாள். "நல்லா இருங்கய்யா" என்றாள். கும்பிட்டாள். போய்விட்டாள்.

குப்பாண்டிக்கு அந்தச் சால்வை உடம்பில் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தான். அவன் பெண்டாட்டி செவந்தி தினமும் கேட்பதை அன்றைக்கும் கேட்டாள். "இன்னிக்கு என்ன சொல்லிச் சிரிக்க வச்சீங்க?"

அவன் சொன்னான். சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு போனது.

செவந்தி சோறு போட்ட அகப்பையைச் சட்டியிலேயே வைத்தாள். "அந்தப் பொம்பளை சிரிச்சாளா?"

"இல்லை."

"அப்ப அது என்ன விகடம்?" என்றாள். எழுந்து போனாள்.

குப்பாண்டிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ராஜா வெட்கப்பட்டிருக்கவேண்டிய நேரத்தில், அந்த வெட்கத்தை ராஜாவின் தலையிலிருந்து எடுத்து அவள் தலையில் வைத்தது தான்தான் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. யானை மிதித்ததற்குக் கொடி போயிற்று. தன் வாய் மிதித்ததற்கு அவளுடைய மரியாதை போயிற்று. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு அவமானத்தோடு படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் ஆற்றோரம் நடந்தான். மருதாயி குடிசை வாசலில் செருப்பைக் கழற்றினான், துண்டை இடுப்பில் கட்டினான், நின்றான். மருதாயி வெளியே வந்தாள்.

"நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

குப்பாண்டி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"யானையில வந்தவரு மொதல்ல நிக்கட்டும். ஒங்களுக்கு நான் தண்ணி குடுத்தா, ராஜாவுக்காக விகடகவி வந்து நின்னாரு, கணக்கு முடிஞ்சுதுன்னு ஊரு சொல்லிப்புடும். அவரு நின்ன பொறவு வாங்க. அப்ப ஒங்களைப் பத்தி யோசிக்கிறேன்."

அவள் சொன்னது நியாயம். குப்பாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். ராஜாவை அந்த வாசலுக்குக் கொண்டுவராமல் தனக்கு விமோசனம் கிடையாது என்று தெரிந்துபோனது. ராஜாவிடம் போய், நில்லுங்கள் என்று யார் சொல்வது? சொன்ன தலை கழுத்தில் இருக்குமா?

அவன் கொடிக்காலிலிருந்து திரும்பி வந்ததைப் பிரதானியின் ஆள் ஒருத்தன் பார்த்துவிட்டான். சால்வை குப்பாண்டி தோளுக்குப் போனதிலிருந்தே பிரதானிக்குத் தூக்கம் இல்லை. இவன் அங்கே வாசல் நிற்கத்தான் போயிருக்கிறான் என்று தெரிந்ததும் கையில் கொழுக்கட்டை கிடைத்த மாதிரி ஆயிற்று. அன்றைய சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, அடியேனுக்கு ஒரு விண்ணப்பம். ஒரே வார்த்தையில் இத்தனை காரியம் நடக்கிறது. அப்பேர்ப்பட்ட வார்த்தையை நாம் சீமையிலிருந்து கடன் வாங்குவது நம் பாஷைக்குக் குறைச்சல் அல்லவா? குப்பாண்டி சொல்லில் மன்னன். மிதித்ததற்கும், தாண்டுவதற்கும், மறுப்பதற்கும், துக்கத்துக்கும் சேர்த்து நம் தமிழில் ஒரே ஒரு வார்த்தையை அவர் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் விகடகவி ஆசனத்தை விட்டு இறங்கட்டும். அந்தச் சீமை வார்த்தையையே சட்டமாக்கிவிடலாம். இனி இந்த நாட்டில் யாரும் யார் வாசலிலும் நிற்கவேண்டாம்."

ராஜாவுக்குக் கடைசி வாக்கியம் தேனாக இனித்தது. "நல்ல யோசனை. குப்பாண்டி, நாளைக்கு அந்த வார்த்தை எனக்கு வேண்டும்."

குப்பாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆசனம் போனால் போகட்டும், கூலி வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம். வாசல் நிற்பதையே எடுத்துவிட்டால் மருதாயி வாசலில் ராஜாவும் நிற்கப் போவதில்லை, தானும் நிற்கப் போவதில்லை. சாகிறவரை இந்த முகத்தைச் சுமந்துகொண்டு அலையவேண்டியதுதான்.

அவன் எழுந்து வணங்கினான். "உத்தரவு, மகாராஜா. அப்படி ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது என் கையில் இல்லை, ஒரு வீட்டில் இருக்கிறது. இன்னொருவர் போய் வாங்கி வந்தால் செல்லாது. வேண்டியவர் தாமே போய்ப் பெற்றுக்கொள்ளவேண்டும். நாளைக்கு அந்த வீட்டைக் காட்டுகிறேன்."

பிரதானி விடவில்லை. இவன் ஏதோ ஒரு வீட்டைக் காட்டிவிட்டு, அதுதான் இது என்று மழுப்பிவிடுவான் என்று அவருக்குச் சந்தேகம். "காட்டினால் போதாது, மகாராஜா. கையில் வாங்காமல் தாங்கள் திரும்பக்கூடாது. அப்போதுதான் இவர் சாயம் வெளுக்கும்."

"திரும்பமாட்டேன்" என்றார் ராஜா உற்சாகமாக. "என் குலத்தின்மேல் ஆணை. அந்த வார்த்தையைப் பெறாமல் அரண்மனைக்குள் கால் வைக்கமாட்டேன்."

பிரதானி புன்னகை செய்தார். குப்பாண்டி முகத்தை மறைத்துக்கொள்ள இன்னொரு தரம் குனிந்து வணங்கினான்.

மறுநாள் சபை முழுக்கப் புறப்பட்டது. ராஜா பல்லக்கில், மற்றவர்கள் பின்னால். அந்த ஆற்றோரம் நெடுகக் கொடிக்கால்கள்தான். ராஜா வேட்டைக்கு வந்தது காட்டுப் பக்கமாக, யானைமேல். குப்பாண்டி அழைத்து வந்தது ஆற்றங்கரை வழியாக, தரையோடு. ராஜாவுக்கு இடம் பிடிபடவில்லை. பிரதானிக்கோ, குப்பாண்டி ஆசனம் இறங்கப்போகிற சந்தோஷத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"எந்தப் புலவர் வீடு குப்பாண்டி?"

"புலவர் வீடு இல்லை, மகாராஜா. ஆனால் கேட்டால் அங்கேதான் கிடைக்கும்."

வரப்பு ஓரத்தில் பல்லக்கு நின்றது. கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் போவதில்லை, கொடி பட்டுவிடும் என்பார்கள். ராஜாவுக்கும் அது தெரியும். யாரும் சொல்லாமலே பாதரட்சையைக் கழற்றினார். உள்ளே வழி ஒற்றையடி, இரண்டு பக்கமும் கொடி. "மேல்வஸ்திரம் சிக்கிக்கொள்ளும், மகாராஜா" என்றான் குப்பாண்டி. ராஜா அதை இடுப்பில் சுற்றிக் கட்டினார். "உடைவாளும் செங்கோலும் கொடியில் இடிக்கும்." அதையும் காவலனிடம் கொடுத்தார். சேற்றில் கால் வழுக்க வழுக்க, குழந்தை மாதிரி ஆர்வத்தோடு நடந்தார். பச்சைச் சுவர்போல வளர்ந்த கொடிகளுக்கு நடுவே நிழல் குளிர்ந்து கிடந்தது.

சட்டென்று நிழல் முடிந்தது.

எதிரே வெட்டவெளி. முறிந்த அகத்திகள் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. கொடிகள் அழுகிக் கறுத்து மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தன. நடுவில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. யானையின் காலடிகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை. வாசலில் மருதாயி.

ராஜா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வெறுங்கால். இடுப்பில் கட்டிய வஸ்திரம். வெறுங்கை. முகத்தில் ஈயாடவில்லை.

"மோசம் போனோம்" என்று பின்னாலிருந்து பிரதானி கத்தினார். "மகாராஜாவை வாசல் நிற்க வைத்துவிட்டான். திரும்புங்கள், மகாராஜா."

ராஜா திரும்பினார். பாதித் திரும்பியவர் அப்படியே நின்றார். எங்கே திரும்புவது? பெறாமல் அரண்மனைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று குலத்தின்மேல் ஆணையிட்டாயிற்று. ஆணையிட வைத்த பிரதானியைத் திரும்பிப் பார்த்தார். பிரதானிக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

ராஜா மருதாயியை நோக்கி வாயைத் திறந்தார். அந்தச் சீமை வார்த்தை உதட்டுவரை வந்திருக்கவேண்டும். யானைக் காலடிப் பள்ளங்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மெள்ள நடந்து போய்க் குடிசை வாசலில் நின்றார்.

மருதாயி அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாதி நட்டு வைத்திருந்த அகத்திக் கன்றுகளிடம் போய்க் குந்தி வேலையைப் பார்த்தாள். வெயில் ஏறியது. குடை பிடிக்க ஒருத்தன் ஓடி வந்தான். ராஜா கையைக் காட்டித் தடுத்தார். உச்சி காய்ந்து, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போனது. பக்கத்தில் நின்ற குப்பாண்டிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மருதாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சு மகாராஜா?" என்று கேட்டாள். வாசல் நிற்கிறவர் தானாகப் பேசக்கூடாது, வீட்டார் கேட்டால் பதில் சொல்லலாம்.

"பன்றி தப்பிவிடும் என்று பார்த்தேன், அம்மா" என்றார் ராஜா. "யானைப்பாகன் வேண்டாமென்று சொன்னான். நான்தான் விடச் சொன்னேன். மேலேயிருந்து பார்க்கும்போது வெறும் பச்சையாகத்தான் தெரிந்தது."

மருதாயி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராஜா இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் குடித்தார். குடித்து முடித்தும் செம்பை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்சநேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டது கிடைத்ததா, மகாராஜா?" என்றான் குப்பாண்டி.

"கிடைத்தது. துரை கேட்டால் இதை எப்படியடா சொல்வேன்?"

"சொல்லிப் பயனில்லை, மகாராஜா. அவரையும் யாராவது ஒருத்தர் வாசலில் நிறுத்தவேண்டியதுதான். தங்கள் கட்டைவிரல் இன்னும் வீங்கித்தானே இருக்கிறது?"

ராஜா சிரித்தார். சபையில் சிரித்த அந்தத் தப்பித்த சிரிப்பு இல்லை. தோள் லேசாகிச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "இந்தா, பிடி" என்று நீட்டினார்.

குப்பாண்டி கை நீட்டவில்லை. ராஜா சிரித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அவன் இடுப்பில் துண்டைக் கட்டி, அவர் நின்ற இடத்தில் வந்து நின்றுவிட்டான். ராஜாவுக்குப் புரிந்தது. மாலையைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "இது உனக்குத்தான். ஆனால் நின்று முடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்" என்றார். பிறகு மருதாயியிடம், "அவனுக்கும் ஒரு செம்பு கொடேன் அம்மா. என்னை இங்கே கொண்டுவந்ததே அவன்தான்" என்றார்.

மருதாயி குப்பாண்டியைப் பார்த்தாள்.

"நீங்க பன்னியைப் பாத்தீங்க, மகாராஜா. என்னைப் பாக்கலை. இவரு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத்தான் சொன்னாரு. நிக்கட்டும்."

குப்பாண்டி கூனிக் குறுகிப் போனான். அத்தனையும் உண்மை.

அவள் பார்வை அவனைத் தாண்டிப் பின்னால் நின்ற கூட்டத்தின் மேல் போனது. "அன்னிக்குச் சிரிச்சவுக எல்லாரும் வந்திருக்காக போல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

முதலில் துபாஷி சின்னையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குப்பாண்டிக்குப் பின்னால் வந்து நின்றான். பிறகு சேனாபதி. பிறகு அந்தத் தூங்க வைக்கும் புலவர். ஒருவர்பின் ஒருவராக வரிசை கொடிக்கால் ஓரம்வரை நீண்டது. பிரதானி வரதராயர் மட்டும் வரப்புப் பக்கமாக மெள்ள நழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிவிட்டீர், பிரதானியாரே?" என்றார் ராஜா.

"கொஞ்சம் அவசர வேலை, மகாராஜா."

"அந்தச் சீமை வார்த்தை இருக்கிறதே. அந்த அம்மாளிடம் சொல்லிப் பாரும். விட்டால் போகலாம்."

பிரதானி மருதாயியைப் பார்த்தார். பட்டு அங்கவஸ்திரத்தை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மருதாயி பானையைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். செம்பை முக்கி எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். பிரதானிக்குத்தான் முதல் செம்பு. அவர் அவசரமாகச் சாய்த்ததில் பாதி மார்பில் கொட்டியது. அப்படியே ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குடித்தவர்கள் எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வழி நடந்தார்கள். ராஜாவின் பல்லக்கும் போய்விட்டது. குப்பாண்டி ஒருவன்தான் மிச்சம்.

மருதாயி பானையைச் சரித்துப் பார்த்தாள். அடியில் ஒன்றுமில்லை.

"தண்ணி தீந்துபோச்சு" என்றாள். "கெணத்துக்குப் போய்ட்டு வரணும்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். அவசரப்படவில்லை. பக்கத்துக் கொடிக்கால் வழியில் சாய்ந்து கிடந்த ஒரு கொடியை நிமிர்த்திக் கட்டினாள், அப்புறம் இன்னொன்றை. அவள் எப்போது திரும்புவாள் என்று குப்பாண்டிக்குத் தெரியாது. ஊரைச் சிரிக்க வைத்த அந்த வாய் காய்ந்துபோய்க் கிடந்தது. திரும்பி வருவாள் என்பது மட்டும் போதும் என்று அவன் அங்கேயே நின்றான்.